ஸ்பனரும் முட்டுக்கட்டையும்

சீராக நடைபெறும் கருமமொன்றைக் கெடுப்பவனை, ‘வேர்க்ஸ்’ என்பதனுள் ‘ஸ்பனர்’ எறிந்தவன் என ஆங்கிலேயர் தம் பேச்சுவழக்கிற் கூறுவர். ‘வேர்க்ஸ்’ என்பதை ‘வேலைகள்’ எனப் பெயர்க்கும் மாணவர் பொருள் காணாது மயங்குவர். ஈண்டு அச்சொல் யந்திரத்தினுள்ளே இயங்கும் பற்சில்லு முதலாய உறுப்புக்களைக் குறிக்கும். சுழலும் பற்சில்லுகளிடையே இரும்புக் கருவி வீழ்ந்தால் யாது நிகழுமென்பதைத் துறைமுகத்தை அண்டி வாழும் நமக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. அமெரிக்கர் இதனையே ‘மங்கி ரென்ச்’ எறிதல் என்பர். கருவியின் பெயர் வேறாயினும் கருத்து ஒன்றே.

தமிழில் இதற்கு நேரான வழக்கு ‘முட்டுக்கட்டை போடுதல்’ என்பதாம். இது யந்திரத்திற் பிறந்ததன்று, தேரிற் பிறந்தது. வீதிவலம் வரும் தேரின் சில்லுக்கு முன்னே கட்டையை இட்டு அதன் விரைவைத் தணிப்பர்; முடக்கிலே திருப்புவர்; வழிவிலகாது செலுத்துவர். அக்கட்டை இல்லையேல் வடம் பிடிப்போர் வலிமையே தேருக்குக் கேடாய் முடியும்.

பேச்சுவழக்கில் இரண்டும் இடையூற்றையே குறிப்பினும், அவை பிறந்த இடத்தை நோக்குமிடத்து வேற்றுமை புலனாகும். ஸ்பனர் எறியப்படுவது, முட்டுக்கட்டை இடப்படுவது. எறிபவன் யந்திரத்தின் கதியைக் கருதான். இடுபவனோ தேரோடு கூடவே நடந்து, சில்லின்மேல் வைத்த கண் வாங்காது, உரிய கணத்தில் இட்டு, உரிய கணத்தில் எடுப்பான்.

தக்க வேளையில் நிறுத்துதலின் அருமையை நமது துறைமுக வரலாறே உணர்த்தும். 1944ஆம் ஆண்டு ஆகஸ்ட் 8ஆம் நாள், திருகோணமலையில் மிதவைத் துறையொன்று ‘வலியன்ற்’ என்னும் பிரித்தானியப் போர்க்கப்பலைத் தாங்கி உயர்ந்துகொண்டிருந்தது. அக்கப்பலின் பாரத்துக்கு ஒவ்வாத வரிசையில் நீர்த்தாங்கிகள் வெறுமையாக்கப்பட்டமையால், துறை முதுகொடிந்து ஆழ்ந்தது. கப்பலும் பெருஞ் சேதமுற்றது. அங்கே எவரும் ஸ்பனர் எறிந்திலர். ‘நிறுத்துக’ என்றொரு குரலால் அப்பணி இடையிலே நின்றிருப்பின், அக்குரல் சிலருக்கு இடையூறாகவே தோன்றியிருக்கும். ஆயினும் துறையும் கப்பலும் தப்பியிருத்தல் கூடும்.

சங்கங்களிலும் சபைகளிலும் வினா எழுப்புவோரையெல்லாம் ‘முட்டுக்கட்டை’ எனப் பழித்தல் நம்மிடையே எளிதாகிவிட்டது. அவர் எறிகின்றாரா, இடுகின்றாரா என்று முதலில் ஆராய்தல் வேண்டும். எறிபவரைத் தடுத்தல் கடனே; இடுபவரை இகழ்ந்து விலக்கின், தேர் நிலைக்கு வந்து சேர்தல் அரிது.