ஆட்டோவா, மேனுவலா?

பெரிய அலுவலகம், மால், மருத்துவமனை மாதிரி இடங்களில் ஏ.சி.யை யார் போடுகிறார்கள், யார் நிறுத்துகிறார்கள்? வீட்டில் ரிமோட் நம்ம கையில் இருக்கு. அங்கே சுவரில் ஒரு சின்னப் பெட்டிதான் தெரியும். பல இடங்களில் அதன் பட்டனை அமுக்கினாலும் ஒன்றும் நடக்காது. உண்மையான ரிமோட் பெரும்பாலும் அடித்தளத்தில், ஒரு கம்ப்யூட்டர் திரையில் இருக்கிறது. அதற்குப் பெயர் பில்டிங் மேனேஜ்மென்ட் சிஸ்டம், சுருக்கமாக பி.எம்.எஸ்.

'இதைப் போட்டால் கரண்ட் பில் குறையும்' என்று சொல்லித்தான் இதை விற்கிறார்கள். அது பொய் இல்லை. ஆனால் எப்படிக் குறைகிறது, போட்ட பிறகும் சில கட்டிடங்களில் ஏன் குறைவதில்லை என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்துப் பார்க்கணும். இதைப் படித்தபோது எனக்கு சுவாரசியமாகப் பட்டது இரண்டாவது கேள்விதான்.

உள்ளே என்ன இருக்கு?

பெரிய கட்டிடங்களில் குளிர், தண்ணீர் வழியாகப் பயணம் செய்கிறது. சில்லர் என்ற இயந்திரம் தண்ணீரைச் சுமார் 7 டிகிரிக்குக் குளிர வைக்கும். பம்ப் அதை ஒவ்வொரு மாடிக்கும் அனுப்பும். அங்கே ஏ.எச்.யூ. என்கிற பெரிய பெட்டிக்குள் குளிர்ந்த குழாய்ச் சுருள் மேல் ஃபேன் காற்றை ஊதும். காற்று குளிரும், தண்ணீர் சுமார் 12 டிகிரிக்குச் சூடாகித் திரும்பி வரும்.

பி.எம்.எஸ். இந்தப் பாதை முழுக்க சென்சார்களை வைத்திருக்கிறது. அறையில் இப்போது எவ்வளவு, வேண்டியது எவ்வளவு என்று கன்ட்ரோலர் ஒப்பிட்டுப் பார்க்கும். வித்தியாசத்துக்கு ஏற்ப வால்வைத் திறக்கும் அல்லது மூடும், ஃபேன் வேகத்தைக் கூட்டும் அல்லது குறைக்கும். அடிப்படையில் இவ்வளவுதான். 'ஸ்மார்ட்' என்று விளம்பரத்தில் போடுவதெல்லாம் இதன் மேல் கட்டியதுதான்.

காசு எங்கே மிச்சமாகுது?

முதலாவது, நேரம். ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். வாரம் 5 நாள், தினம் 12 மணி நேரம் இயங்கும் அலுவலகம் என்றால் ஆள் இருப்பது 60 மணி நேரம். மீதி 108 மணி நேரம் கட்டிடம் காலி. அந்த நேரத்தில் நிறுத்தி வைப்பதைவிடப் பெரிய சேமிப்பு எந்தத் தொழில்நுட்பத்திலும் கிடைக்காது. ஒழுங்காகப் போட்ட ஒரு டைம் டேபிள், அவ்வளவுதான்.

இரண்டாவது, வேகம். இங்கேதான் இயற்பியல் நமக்குச் சாதகமாக இருக்கு. ஃபேன் இழுக்கும் மின்சாரம், அதன் வேகத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்ப மாறும். வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் மின்சாரம் 80 சதவீதம் ஆகாது; 0.8 × 0.8 × 0.8, அதாவது சுமார் 51 சதவீதம் ஆகும். பாதி வேகத்தில் எட்டில் ஒரு பங்கு. இது ஏட்டுக் கணக்கு. நடைமுறையில் குழாய் அழுத்தம், மோட்டார் இழப்பு எல்லாம் சேர்ந்து லாபம் கொஞ்சம் குறையும். இருந்தாலும், முழு வேகத்தில் ஓட்டிவிட்டு டேம்பரை மூடிக் காற்றைத் தடுப்பதைவிட, வி.எஃப்.டி. வைத்து வேகத்தையே குறைப்பது எவ்வளவோ மேல்.

மூன்றாவது, வெளிக்காற்று. மூச்சு விட வெளிக்காற்று வேணும். ஆனால் சென்னை மாதிரி ஊரில் வெளிக்காற்று என்றால் வெப்பமும் ஈரமும் சேர்ந்து உள்ளே வருகிறது. அந்த ஈரத்தைத் தண்ணீராக வடிய வைப்பதற்கே சில்லர் நிறைய உழைக்க வேண்டும். அறையில் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு என்று அளந்தால், எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று ஓரளவு ஊகிக்கலாம். ஆள் குறைந்தால் வெளிக்காற்றையும் குறைக்கலாம்.

அப்புறம் ஏன் பில் குறையல?

பி.எம்.எஸ். திரையில் ஒவ்வொரு கருவிக்கும் இரண்டு நிலை உண்டு: ஆட்டோ, மேனுவல். மேனுவலில் போட்டால், மனிதன் சொன்னதைக் கருவி அப்படியே செய்துகொண்டிருக்கும், டைம் டேபிளைக் கண்டுகொள்ளாது. பிளான்ட் ரூமில் இருக்கும் பேனலிலும் இதே மாதிரி ஒரு சுவிட்ச் உண்டு. அது மேனுவலில் இருந்தால் கம்ப்யூட்டரால் அந்த மோட்டாரை நிறுத்தவே முடியாது.

இப்படி யோசித்துப் பாருங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு மீட்டிங் நீள்கிறது. 'இன்னும் கொஞ்ச நேரம் ஏ.சி. ஓடட்டும்' என்று போன் வருகிறது. ஆபரேட்டர் ஏ.எச்.யூ.வை மேனுவலில் போடுகிறார். ஷிஃப்ட் மாறுகிறது. அடுத்து வந்தவருக்கு இது தெரியாது. அந்த ஃபேன் 15 கிலோவாட் என்று வைத்துக்கொள்வோம். காலியாக இருக்கும் 108 மணி நேரமும் ஓடினால் வாரத்துக்கு 1,620 யூனிட். ஒரே ஒரு ஃபேன்! அதற்குக் குளிர்ந்த தண்ணீர் தர பம்பும் சில்லரும் ஓடினால் அது தனிக் கணக்கு. அடுத்த வெள்ளிக்கிழமை இன்னொரு கருவி. இரண்டு வருஷத்தில் பாதிக் கட்டிடம் மேனுவலுக்கு வந்துவிடும். திரை மட்டும் பளபளவென்று இருக்கும்.

இதில் ஆபரேட்டரைக் குறை சொல்வது சுலபம். ஆனால் அவர் இடத்திலிருந்து பாருங்க. பல இடங்களில் அவர் கான்ட்ராக்ட் ஊழியர். அறை சூடானால் ஐந்து நிமிஷத்தில் போன் வரும், அடுத்த நாள் மேனேஜர் கூப்பிட்டுக் கேட்பார். கரண்ட் வீணாகுதுன்னு யாரும் போன் பண்றதில்லை. அப்படி இருக்கும்போது அவர் எந்தப் பக்கம் சாய்வார்? நானாக இருந்தாலும் மேனுவலில்தான் போட்டு வைப்பேன்.

இன்னொரு விஷயம், திரையில் தெரிவதெல்லாம் உண்மை இல்லை. 'வால்வ் 0 சதவீதம்' என்று காட்டினால், பல அமைப்புகளில் அது கம்ப்யூட்டர் அனுப்பிய கட்டளை மட்டுமே. வால்வ் நிஜமாக மூடியதா, உள்ளே கசிகிறதா என்று அதற்குத் தெரியாது. சென்சாரும் அப்படித்தான். வெயில் படும் சுவரிலோ பிரின்டருக்கு மேலேயோ மாட்டிய சென்சார் 2 டிகிரி கூடுதலாகக் காட்டும். பி.எம்.எஸ். அதை நம்பி, அறையில் இருப்பவர்கள் ஸ்வெட்டர் போடும் வரை குளிரூட்டிக்கொண்டே இருக்கும்.

மணி அடித்த காலம்

இந்தத் துறையின் ஆரம்பக் கதையை இங்கே சொல்லணும். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், ஒயிட்வாட்டர் என்ற ஊர்க் கல்லூரியில் வாரன் ஜான்சன் என்று ஒரு பேராசிரியர் இருந்தார். குளிர்காலத்தில் பராமரிப்பு ஊழியர் ஒவ்வொரு வகுப்பறையாக நுழைந்து சூடு போதுமா என்று பார்த்துவிட்டு, அடித்தளத்துக்கு இறங்கிப் போய் டேம்பரைச் சரி செய்வாராம். பாடம் நடுவில் நிற்கும். இதற்காக ஜான்சன் செய்த கருவிக்கு 1883-இல் காப்புரிமை கிடைத்தது. அறையின் வெப்பம் மாறினால் அந்த ஊழியருக்கு மணி அடிக்கும். கருவி செய்தி சொல்லும், வேலையைச் செய்பவர் மனிதர். இன்று வேலையைக் கருவி செய்கிறது. ஆனால் வீணாவதைச் சொல்லும் மணி பல கட்டிடங்களில் இன்னும் அடிப்பதில்லை.

என்ன செய்யலாம்?

நீங்க ஒரு கட்டிடத்தை நிர்வகிப்பவராக இருந்தால், புதிதாக எதையும் வாங்கும் முன் இந்த நான்கையும் பார்க்கலாம்.

1. மேனுவலில் இருக்கும் கருவிகளின் பட்டியலை வாரம் ஒருமுறை எடுங்க. முடிந்தால், மேனுவலில் போட்டது இரண்டு மணி நேரத்தில் தானாக ஆட்டோவுக்குத் திரும்பும்படி அமைக்கச் சொல்லுங்க.

2. ஞாயிறு ராத்திரி 2 மணிக்கு மீட்டர் எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்க. காலிக் கட்டிடம் எதற்கு இவ்வளவு இழுக்குது என்று தேடினால் பாதி விஷயம் பிடிபடும்.

3. டைம் டேபிளை இன்றைய நிலைக்கு மாற்றுங்க. வாரம் மூன்று நாள் மட்டும் ஆள் வரும் மாடிக்கு ஐந்து நாள் கணக்கு எதற்கு?

4. கையில் ஒரு நல்ல தெர்மாமீட்டரோடு ஒரு சுற்று நடந்து, சென்சார் காட்டுவதோடு ஒப்பிடுங்க.

புதிதாக வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று: பேக்நெட் மாதிரி பொதுவான தகவல் மொழியில் பேசும் கருவிகளைக் கேளுங்க. 1995-லிருந்தே அதற்குத் தரநிலை இருக்கிறது. இல்லாவிட்டால் ஒரே கம்பெனியிடம் மாட்டிக்கொள்வீர்கள். புரோகிராமும் பாஸ்வேர்டும் கட்டிட உரிமையாளர் கைக்கு வரணும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்க.

கடைசியாக, அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரிடம் 'இந்த மாசம் எத்தனை புகார் வந்தது' என்று மட்டும் கேட்காதீங்க. எத்தனை யூனிட் குறைந்தது என்றும் கேளுங்க. குறைந்திருந்தால் அது அவர் வேலைதான் என்று நாலு பேர் முன்னால் சொல்லுங்க. அதற்குச் செலவே இல்லை.