மூக்கண்டப்பள்ளியில் தண்ணீர் 97 டிகிரி!

சமையல்கட்டுக்குள் நான் நுழைந்தால், என் தர்மபத்தினி முதலில் பார்ப்பது என் முகத்தை அல்ல. என் கை எந்த டப்பாவை நோக்கிப் போகிறது என்பதைத்தான். அப்பேர்ப்பட்ட அடியேன் அதே சமையல்கட்டில் இரண்டு பிள்ளைகளுக்கு வாத்தியாரான கதை இது.

2020 மார்ச் கடைசி. ஊரடங்கு. ஓசூர் சிப்காட் பக்கம் சத்தமே இல்லை. எங்கள் மூக்கண்டப்பள்ளியில் காக்கா கத்துவது அன்றுதான் தெளிவாகக் காதில் விழுந்தது! ஷிஃப்டுக்குப் போக வழியில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நாளில் பள்ளிக்கூடம் செல்போனுக்குள் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் செல்போன் ஒன்று, பிள்ளைகள் இரண்டு. தினமும் குருக்ஷேத்திரம்தான்!

பெரியவன் அப்போது ஐந்தாம் வகுப்பு. 'இவனுக்குக் கணக்கு வராது ஸார்' என்று எப்போதோ ஒருவர் சொல்லியிருந்தார். சொன்னவர் மறந்திருப்பார். பையன் மறக்கவில்லை. பின்னம் என்றாலே, "எனக்குத்தான் வராதேப்பா" என்று நோட்டை மூடிவிடுவான். பத்து வயசில் ஒரு பிள்ளை தன்னைப் பற்றி இப்படி முடிவு கட்டிக்கொண்டால் பெற்ற மனசு என்ன பாடுபடும், சொல்லுங்கள்.

வழி காட்டியது என் அம்மா. பரணிலிருந்து பழைய அளவுப் பாத்திரங்களை இறக்கச் சொன்னாள். "ரெண்டு ஆழாக்கு ஒரு உழக்கு. ரெண்டு உழக்கு ஒரு உரி. ரெண்டு உரி ஒரு படி. எங்கே, இந்த ராகியை அளடா கண்ணா!"

அளந்தான். சிந்தினான். திரும்ப அளந்தான். அரை மணி கழித்து ஒரே கத்தல்: "அப்பா! ஆழாக்குன்னா படியில எட்டுல ஒண்ணு! உரியும் உழக்கும் சேர்ந்தா முக்கால் படி!"

புத்தகத்தில் பூச்சாண்டி காட்டிய பின்னம், பாட்டியின் முறத்தில் சாதுவாகக் கிடந்தது.

அன்று ராத்திரி களி. ஒரு டம்ளர் மாவுக்கு இரண்டு டம்ளர் தண்ணீர். "மூணு டம்ளர் தண்ணிக்கு மாவு எவ்வளவு?" "ஒண்ணரை!" சின்னவள் உருண்டைகளை எண்ணி வைத்தாள். பக்கத்து வீட்டுக் கன்னடப் பாட்டிக்கு அது முத்தே, எதிர்வீட்டுத் தெலுங்குக்காரருக்கு சங்கட்டி. ஒரே உருண்டையில் மூன்று பாஷை! 100 கிராம் ராகியில் சுண்ணாம்புச் சத்து 300 மில்லிகிராமுக்கு மேல். அரிசியில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இதையும் பின்னமாகவே சொல்லிக் கொடுத்தேன். (பாத்திரம் கழுவியதும் நானே. அது மேலிடத்து நிபந்தனை.)

இதை என் கண்டுபிடிப்பு என்று மார்தட்ட முடியாது. 1910-ல் ஜோகன்னஸ்பர்க் பக்கத்தில் டால்ஸ்டாய் பண்ணையில் காந்திஜி செய்ததும் இதுதான். சத்தியாக்கிரகக் குடும்பங்களின் பிள்ளைகள். அதில் தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. வேலைக்காரர் கிடையாது. சமையல், தோட்டம், செருப்புத் தைப்பது என எல்லாவற்றையும் பெரியவர்களும் சிறியவர்களும் சேர்ந்தே செய்தார்கள். கூடவே படிப்பு. 1937-ல் வார்தா மாநாட்டில் அவர் முன்வைத்த கைத்தொழில் வழிக் கல்விக்கு அங்கே கிடைத்த அனுபவமும் ஒரு விதை.

கடைகள் திறந்ததும் 110 டிகிரி வரை காட்டும் ஒரு தெர்மாமீட்டர் வாங்கினேன். (காய்ச்சல் தெர்மாமீட்டரை இதற்குப் பயன்படுத்தாதீர்கள், உடைந்துவிடும்!) கொதிக்கும் தண்ணீருக்குப் பக்கத்தில் நான், தள்ளி நின்று அவன். சிவப்புக் கோடு 97-ல் நின்றது. மூன்று நாள் பார்த்தோம். அதே 97.

"புத்தகத்துல 100-னு போட்டிருக்கே, பொய்யாப்பா?"

பொய்யில்லை. அது கடல் மட்டத்துக் கணக்கு. ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரம். மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும். ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலையும் இறங்கும். குக்கர் ஆவியை அடைத்து அழுத்தத்தை ஏற்றுவதால்தான் உள்ளே 120 டிகிரி வரை போய், பருப்பு சீக்கிரம் வேகிறது.

2021 நவம்பரில் பள்ளிக்கூடம் திறந்தது. முதல் பரீட்சைக்கு முந்தின ராத்திரி பையன் கேட்டான்: "கொதிநிலை கேட்டா எதைப்பா எழுதறது?"

100 என்றால் மார்க். 97 அவன் கண்ணால் பார்த்தது. "ரெண்டையும் காரணத்தோட எழுது" என்று சொல்லிவிட்டேனே தவிர, மனசு திக்திக்.

கேட்டேவிட்டார்கள்! விடைத்தாள் வந்தது. '97'-ஐச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். ஒரு மார்க் கேள்விக்கு அரை மார்க். அவன் முகத்தைப் பார்க்கவே எனக்குத் தைரியம் வரவில்லை.

அவனோ சிரித்தான். "விடுப்பா... உரி மார்க் போட்டிருக்காங்க!"

கணக்கு வராத பையன், ஸார்!