கிளைக்கதையும் அதன் விலையும்

ஒரு கதையை முழுதும் கேட்டு முடித்தவனிடம், இன்னும் ஒரு பகுதி உண்டு, அதற்குத் தனியே பொருள் தரல் வேண்டும் என்று சொன்னால் அவன் யாது செய்வான்? கதை அவனைக் கவர்ந்திருப்பின் மறுபேச்சின்றிக் கொடுப்பான். கவராதிருப்பின் எழுந்து போவான். இவ்விரண்டிற்கும் நடுவே நின்று, அப்பகுதி அவ்விலைக்குத் தகுமா என்று ஆராய்பவர் சிலரே. கணினியில் ஆடப்படும் மாயக்கதை விளையாட்டுக்களைப் பொறுத்தவரை இவ்வாராய்ச்சி இன்று பல இல்லங்களுக்கு வேண்டியதாயிற்று. பொருள் கேட்பவர் பிள்ளைகள், கொடுப்பவர் பெற்றோர். கேட்பவருக்கு விளையாட்டுத் தெரியும். பொருளின் அருமை தெரியாது. கொடுப்பவருக்குப் பொருளின் அருமை தெரியும், விளையாட்டுத் தெரியாது. இரு சாராருக்கும் பயன்படுமாறு இதனைச் சிறிது விளக்குவதே இப்பேச்சின் நோக்கமாகும்.

இவ்விளையாட்டு எத்தகையது என்பதை முதலில் அறிதல் வேண்டும். பந்தாட்டத்திலும் சதுரங்கத்திலும் ஆடுபவன் தானாகவே இருந்து ஆடுகின்றான். இங்கேயோ அவன் கூத்தில் வேடங்கட்டியவனைப் போல ஒரு பாத்திரத்தை ஏற்று, அப்பாத்திரமாகவே நடக்கவும் பேசவும் முடிவு செய்யவும் வேண்டும். எவ்வழியாற் செல்வது, எவரை நம்புவது, பகைவனைக் கொல்வதா விடுவதா என்பன அவன் கையில் உள்ளன. கூத்தனுக்கு அண்ணாவியார் கொடுத்த பாட்டு ஒன்றே; இவனுக்கோ பல பாட்டுக்கள் எழுதி வைக்கப்பட்டிருக்க, அவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுக்கும் உரிமை உண்டு.

இத்தகைய ஆட்டம் அச்சிட்ட நூல் வடிவில் முதன்முதல் விற்பனைக்கு வந்தது 1974ஆம் ஆண்டில், அமெரிக்காவிலே. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் ஆக்கிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்பது அது. அடுத்த ஆண்டாகிய 1975இலேயே ‘கிரேஹோக்’ என்னும் துணைநூலும் விலைக்கு வந்துவிட்டது. ஆகவே மூலத்தின் பின்னே துணைநூல் விற்கும் வழக்கம் நேற்று முளைத்ததன்று; ஏறக்குறைய அவ்விளையாட்டின் வயதே அதற்கும் உண்டு.

கணினியும் இணையமும் வந்த பின்னர், சேர்க்கைகளைச் சிறுசிறு துண்டுகளாகவும் விற்க முடிந்தது. 2006ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்தில் பெதஸ்டா என்னும் அமெரிக்க நிறுவனம், தனது ‘ஒப்லிவியன்’ என்னும் விளையாட்டில் வரும் குதிரைக்கு அணிவிக்கும் கவசத்தை ஏறத்தாழ இரண்டரை டொலருக்கு விற்றது. கதையில் ஒரு வரியேனும் கூடவில்லை. குதிரை அழகாயிற்று, அவ்வளவே. அக்கவசம் இன்றுவரை நகைப்புக்கு இடமாக இருந்து வருகின்றது. அதே நிறுவனம் 2007ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ‘ஷிவரிங் ஐல்ஸ்’ என்னும் விரிவை முப்பது டொலர் அளவிலே விற்றது. பித்துக்கு அதிபதியான ஒரு தெய்வம் ஆளும் தனிநாடும் அதற்கென ஒரு தனிக்கதையும் அதிலே இருந்தன. விலை கவசத்தைப் போலப் பன்னிரு மடங்கு. எனினும் பாராட்டே மிகுதியாகக் கிடைத்தது. சிறுவிலை என்பதனால் ஒரு பொருள் மலிவாகிவிடாது, பெருவிலை என்பதனால் அருமையாகிவிடாது என்பதற்கு இவ்விரண்டும் தக்க சான்றுகள்.

அங்ஙனமாயின் அளவுகோல் யாது? விளையாடுவோர் பெரும்பாலும் மணிக்கணக்கையே அளவுகோலாகக் கொள்கின்றனர். இத்தனை டொலர், இத்தனை மணிநேரம், ஆகவே மணிக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்க்கின்றனர். துணிக்கு முழம் அளப்பது போன்றது இது. துணியின் நெசவை முழக்கோல் காட்டாது. ஒரே வகையான கள்வர் பாசறைகளை நிலமெங்கும் பரப்பி வைத்தால் நாற்பது மணிநேரத்தை எளிதில் நிரப்பிவிடலாம். கதை ஓரடியும் நகர்ந்திராது.

வேறோர் அளவுகோலை நம் இலக்கியமே நமக்குத் தருகின்றது. பாரதத்தில் எத்தனையோ கிளைக்கதைகள் உள. சூதிலே நாட்டை இழந்து காட்டில் வாழும் தருமனுக்கு, அவ்வாறே சூதில் இழந்த நளனுடைய கதை சொல்லப்படுகின்றது. அது தனியே நின்றும் சுவை தரும். நளவெண்பா என்னும் தனிநூலாகவும் அது விளங்குகின்றது. மூலக்கதையோடு சேர்த்துக் கேட்கும்போதோ தருமனுடைய துன்பத்தையும் புதிய ஒளியிலே காட்டும். அதே வேளையில், நளன் கதையை நீக்கிவிட்டாலும் பாரதம் குறைபடாது. நல்ல கிளைக்கதையின் இலக்கணம் இம்மூன்றுமாம்: தனியே நிற்றல், மூலத்தை விளக்குதல், மூலத்தை ஊனப்படுத்தி அதிலிருந்து வெட்டி எடுக்கப்படாதிருத்தல்.

இவ்வளவுகோலைப் போலந்து நாட்டு விளையாட்டு ஒன்றின் மேல் வைத்துப் பார்ப்போம். அந்நாட்டு எழுத்தாளர் அன்ஜே சப்கோவ்ஸ்கி 1986ஆம் ஆண்டில் வெளியிடத் தொடங்கிய கதைகளின் நாயகன் கெரால்ட் என்பவன். கூலி பெற்றுக்கொண்டு கொடிய விலங்குகளையும் பேய்களையும் வேட்டையாடுவது அவன் தொழில். அத்தொழிலுடையோர்க்கு விற்சர் என்று பெயர். வார்சோ நகரிலுள்ள சீ டீ புறொஜெக்ட் றெட் என்னும் நிறுவனம் இப்பாத்திரத்தைக் கொண்டு ஆக்கிய மூன்றாவது விளையாட்டு 2015ஆம் ஆண்டு மே மாதம் 19ஆம் நாள் வெளிவந்தது. போரால் அழிந்த நாடுகளினூடே, தன் வளர்ப்பு மகளாகிய சிரியைத் தேடிச் செல்லும் ஒருவனின் கதை அது. தேடல் முடிகின்றது, மகளின் கதி, ஆடுபவன் இடையிடையே செய்த முடிவுகளுக்கேற்ப அமைகின்றது. மூலக்கதை அங்கே நிறைவு பெறுகின்றது.

மூலம் வெளிவருமுன்னரே, அவ்வாண்டு ஏப்பிரிலில், இரண்டு கதை விரிவுகள் வருமென அறிவித்து, இரண்டிற்கும் சேர்த்து இருபத்தைந்து டொலரை முன்கூட்டியே பெறத் தொடங்கினர். சமையல் முடியுமுன் விருந்துக்குப் பணம் வாங்குவது போன்ற இச்செயல் ஐயத்திற்கு இடந்தருவதே. ஆயினும் புதிய உடைகள், சிறு பணிகள் முதலிய பதினாறு சிறு சேர்க்கைகளை அந்நிறுவனம் விலையின்றியே வழங்கிற்று. குதிரைக் கவசம் போன்றவற்றை இலவசமாகக் கொடுத்துக் கதைக்கு மட்டும் விலை வைத்தனர் என்பது கருதத்தக்கது.

முதல் விரிவு 2015 ஒக்டோபர் 13ஆம் நாள் பத்து டொலர் விலையில் வந்த ‘ஹார்ட்ஸ் ஒவ் ஸ்டோன்’. கல்நெஞ்சம் என நாம் அதனைச் சொல்லலாம். ஆக்கியோர் அதற்குக் கூறிய கால அளவு ஏறத்தாழப் பத்து மணிநேரம். புதிய பெருநாடு எதுவும் அதில் இல்லை. பழைய நிலத்தின் ஒரு மூலையிலேயே கதை பெரிதும் நடக்கின்றது. முழக்கோலால் அளப்பவர் இதனைச் சிறிதென்பர்.

ஆனால் நெசவைப் பாருங்கள். போலந்து மக்களிடையே துவார்தோவ்ஸ்கி என்னும் ஒரு பிரபுவைப் பற்றிய பழங்கதை வழங்குகின்றது. அவன் பேய்க்குத் தன் உயிரை விற்றான். ரோம் நகரிலே மட்டுமே அதனைக் கவரலாம் என்று உடன்படிக்கையும் செய்துகொண்டான். ரோமுக்குப் போகாமலே இருந்துவிடலாம் என்பது அவன் எண்ணம். ஒரு நாள் அவன் நுழைந்த வழிப்போக்கர் விடுதியின் பெயர் ‘ரோம்’ என்றிருந்தது! இந்தப் பழங்கதையின் வித்திலிருந்து முளைத்ததே கல்நெஞ்சம். இதில் வரும் ஒல்கெர்ட் என்பவன், கண்ணாடி விற்கும் எளிய வணிகனைப் போலத் தோன்றும் ஒருவனோடு உடன்படிக்கை செய்கின்றான். கேட்டதெல்லாம் கிடைக்கின்றது. கிடைத்ததை நுகரவேண்டிய நெஞ்சோ கல்லாகிவிடுகின்றது. அன்பு மனைவி அவன் கண்முன்னே அயலாளாகின்றாள். கெரால்டும் அவ்வணிகனுக்குக் கடன்பட்டவனாகி இருவருக்கும் இடையே சிக்கிக்கொள்கின்றான்.

ஆடுபவன் இங்கே வாளெடுக்கும் நேரத்தினும் கேட்கும் நேரமும் பார்க்கும் நேரமும் மனத்தில் நிற்கின்றன. ஒரு நாட்டுப்புறத் திருமணத்திலே, இறந்துபோன ஒருவனின் ஆவி கெரால்டின் உடலிற் புகுந்து ஓரிரவு மகிழ்ந்து திரிகின்றது. பன்றிகளைப் பட்டியில் அடைப்பதும் நீரில் மூழ்கிக் காலணி எடுப்பதுமான வேடிக்கைகள் அங்கே நடக்கின்றன. பின்னர், பாழடைந்த மாளிகையிலே ஒரு பெண் வாழ்ந்து வாடிய வாழ்வை, அவளுடைய நினைவுகளினூடே நடந்து ஆடுபவன் காண்கின்றான். இறுதியில், தன் பேராசையால் பிறரைக் கெடுத்த ஒருவனைக் காப்பதா, உடன்படிக்கைப்படி போகட்டும் என விடுவதா என்ற வினா ஆடுபவன்முன் வைக்கப்படுகின்றது. விடை அவனுடையது. அதற்குமேற் சொல்வது வாங்கவிருப்போர்க்குச் செய்யும் தீங்காகும்.

இரண்டாவது விரிவு ‘பிளட் அண்ட் வைன்’, குருதியும் மதுவும் என்பது. 2016 மே மாதம் 31ஆம் நாள், இருபது டொலர் விலையில் வந்தது; கூறப்பட்ட கால அளவு இருபது மணிநேரம். இதில் தூசான் என்னும் முற்றிலும் புதிய நாடு உண்டு. திராட்சைத் தோட்டங்களும் வெயிலும் வெண்மாளிகைகளும் நிறைந்த அந்நாட்டிலே, வீரர்கள் ஒருவர்பின் ஒருவராகக் கொல்லப்படுகின்றனர். கொலையாளியைக் கண்டுபிடிக்கக் கோமகள் கெரால்டை அழைக்கின்றாள். மானம், வீரம், ஈகை முதலியவற்றை வாயாற் போற்றும் ஒரு நாடு அவற்றைச் செயலிற் காத்ததா என்பதே கதையின் உட்பொருள். விரிவு மட்டுமேயான இது, ‘த கேம் அவார்ட்ஸ்’ விழாவில் 2016ஆம் ஆண்டின் சிறந்த பாத்திர விளையாட்டுக்குரிய பரிசைப் பெற்றது.

கெரால்டுக்கு அந்நாட்டிலே ஒரு தோட்டமும் வீடும் கொடுக்கப்படுகின்றன. காலமெல்லாம் கூரையின்றித் திரிந்தவனுக்கு ஒரு வீடு! இந்நிகழ்ச்சியின் பொருள், மூலக்கதையின் சேற்றிலும் பனியிலும் அவனோடு நடந்தவர்க்கே முழுதும் விளங்கும். மூலத்தை விட்டுவிட்டு விரிவை மட்டும் தொடங்கும் வசதி உண்டெனினும், அவ்வாறு தொடங்குபவர் விலையிற் பாதியை இழந்தவராவர். குறையும் உண்டு: தூசான் நிலமெங்கும் கள்வர் பாசறைகளும் புதையல்களும் அளவுக்கு மேல் இறைந்து கிடக்கின்றன. அவற்றைத் தேடித் தீர்ப்பது மணியை ஏற்றுமேயன்றிச் சுவையை ஏற்றாது. அவற்றைக் கடந்து போனால் இழப்பொன்றுமில்லை.

இவ்விரண்டையும் வாங்காதவனுக்கும் சிரியின் கதை முழுமையாகவே கிடைத்துவிட்டது என்பதை மறத்தலாகாது. இதற்கு மாறான ஒன்றும் அதே காலத்தில் நிகழ்ந்தது. கனடா நாட்டு பயோவெயார் நிறுவனம் 2014 நவெம்பரில் ‘டிராகன் ஏஜ்: இன்குவிசிஷன்’ என்னும் விளையாட்டை வெளியிட்டது. அக்கதையிலே தொக்கி நின்ற முதன்மையான வினாவுக்கு விடை, 2015 செப்டெம்பரில் பதினைந்து டொலருக்கு விற்கப்பட்ட ‘டிரெஸ்பாசர்’ என்னும் விரிவிலேதான் வந்தது. 2024 ஒக்டோபரில் வந்த அடுத்த விளையாட்டும் அந்த விடையிலிருந்தே தொடங்கிற்று. டிரெஸ்பாசர் தரத்திற் குறைந்ததன்று, அழகாக எழுதப்பட்டது. எனினும் மூலத்தை முழு விலைக்கு வாங்கியவர் கதையின் முடிவை மறுபடி விலைகொடுத்துப் பெறவேண்டியிருந்தது. பொருள் நன்று, ஏற்பாடு நன்றன்று. வாங்குவோர் இவ்விரண்டையும் வேறுவேறாக எண்ணுதல் வேண்டும்.

இனி வாங்குவோர்க்குச் சில சொல்லலாம். விரிவு என்பது மூலம் இன்றி இயங்காது; ஒருவகைக் கருவிக்கு வாங்கியது வேறுவகைக் கருவியில் ஆடாது. மூலத்தை முடிக்காதவர் விரிவை வாங்க விரையவேண்டியதில்லை. பாதியிற் சலித்தவருக்கு விரிவு அச்சலிப்பைத் தீர்க்காது. போர்முறையும் நடையும் அவையேயாம். இதுவரை எதனையும் வாங்காதவர், மூலமும் இரு கிளைகளும் ஒன்றாய் 2016 ஓகஸ்டில் வந்த முழுத் தொகுதியை நாடுதல் சிக்கனம். பெற்றோர் இன்னொன்றையும் அறிதல் நன்று: ஐரோப்பிய வகுப்பின்படி இவ்விளையாட்டு 18 வயது நிரம்பியவர்க்கே உரியது. குருதியும் காமமும் கொடுஞ்சொல்லும் இதில் உள. பிள்ளைக்கு வயது பன்னிரண்டாயின், விலை தகுமா என்ற வினாவே எழவில்லை.

வயதும் ஆர்வமும் உடையவர், மூலத்தை விரும்பி முடித்தவர், இவ்விரு விரிவுகளையும் தயங்காது வாங்கலாம். ஒன்றே வாங்க இயலுமாயின் சிறியதாகிய கல்நெஞ்சத்தை முதலில் வாங்குக. வேண்டியதை விலைகொடுத்துப் பெறுபவன் எதனை உண்மையில் கொடுத்துவிடுகின்றான் என்பதே அதன் கதை. பத்து டொலரையும் பத்து மணிநேரத்தையும் எடுத்துக்கொண்டு நிற்பவன் முதலிற் கேட்டுக்கொள்ள வேண்டிய வினாவும் அதுவேயாம்.