மருந்தடிக்கும் ட்ரோன்: மோட்டார் மக்கர் செய்வது ஏன்?

வயலுக்கு மேலே பறந்து மருந்து தெளிக்கிற ட்ரோன் இப்போது கிராமங்களுக்கும் வந்துவிட்டது. மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு ட்ரோன் வழங்க 2023-ஆம் ஆண்டில் மத்திய அரசு ஒரு திட்டத்தை அறிவித்தது. வாடகைக்கு அடித்துக் கொடுப்போரும் இருக்கிறார்கள். ஜப்பானில் 1980-களிலேயே யமஹா கம்பெனி ஆளில்லா ஹெலிகாப்டரை நெல் வயலுக்கு மருந்தடிக்கக் கொண்டுவந்தது. அதில் இருந்தது பெட்ரோல் எஞ்சின். இன்றைய ட்ரோன்களில் பெரும்பாலும் பாட்டரியில் ஓடும் மோட்டார்தான்.

கிணற்று மோட்டார் நின்றால் தண்ணீர் நிற்கும்; அவ்வளவுதான். ட்ரோன் மோட்டார் நின்றால்? 10 லிட்டர் மருந்தோடு 20 கிலோவுக்கு மேற்பட்ட பாரம் தலைக்கு மேலே இருந்து விழும். நான்கு மோட்டார் உள்ள ட்ரோனில் ஒன்று நின்றாலே கவிழ்ந்துவிடும். ஆறு உள்ளதில் ஒன்று நின்றால் பத்திரமாக இறக்க வாய்ப்புண்டு. ஆனால் தொடர்ந்து அடிக்கக் கூடாது. ஆகவே மோட்டார் நிற்பதற்கு முன் அது காட்டும் அடையாளங்களை நீங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இந்த மோட்டாரில் கார்பன் பிரஷ் கிடையாது. உள்ளே செம்புக் கம்பிச் சுருள். அதைச் சுற்றிக் காந்தம் பதித்த மூடி சுழலும். மூன்று ஒயர் வழியாக மாறி மாறி மின்சாரம் போகிறது. மாற்றி மாற்றி அனுப்புவது 'ஈ.எஸ்.சி.' என்கிற சின்னப் பெட்டி. நம் மும்முனை மின்சார மோட்டார் மாதிரியேதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனை போய்விட்டால் கிணற்று மோட்டார் சுற்றாமல் உறுமுகிறதல்லவா? அதேபோல மூன்று ஒயரில் ஒன்று விட்டுப்போனால் ட்ரோன் மோட்டார் கிளம்பும்போது சுற்றாமல் விட்டு விட்டுத் துடிக்கும். அப்படித் துடித்தால் அன்றைக்குப் பறக்க விடவே கூடாது.

பறப்பதற்கு முன், பாட்டரியைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு மோட்டாரையும் கையால் சுற்றிப் பாருங்கள். காந்தம் இழுப்பதால் லேசாகத் தடுக்கித் தடுக்கிச் சுற்றும், அது இயல்பு. எல்லாம் ஒரே மாதிரி சுற்ற வேண்டும். ஒன்று மட்டும் கரகரவென்றாலோ, இறுக்கமாக இருந்தாலோ, ஆட்டினால் ஆடினாலோ பேரிங் போய்விட்டது, அல்லது உள்ளே மண் சேர்ந்துவிட்டது என்று பொருள். மண்ணில் உள்ள இரும்புத் தூளைக் காந்தம் இழுத்துக்கொள்ளும். அதனால் புழுதித் தரையில் இருந்து கிளப்பாமல் சிமெண்ட் களத்தில் இருந்து கிளப்புங்கள்.

அடுத்து இறக்கையைப் பாருங்கள். ஓரம் உடைந்த இறக்கை அதிரும். அந்த அதிர்வு பேரிங்கைத் தின்னும். ஒயர் இணைப்பையும் தளர்த்தும். காசு மிச்சம் பிடிக்கப் போய் மோட்டாரை இழக்காதீர்கள்.

அடித்து முடித்த உடனே ஈரத்துணியால் மோட்டாரைத் துடைக்க வேண்டும். மருந்து காய்ந்து படிந்தால் பேரிங்கும் ஒயர் முனையும் அரித்துப்போகும். அதற்காகக் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்காதீர்கள். துடைக்கும்போது கையுறை போடுங்கள், படிந்திருப்பது விஷம்.

இறங்கியதும் பாட்டரியை எடுத்துவிட்டு மோட்டார்களின் அருகே கையை வைத்துப் பாருங்கள். எல்லாம் சூடாகத்தான் இருக்கும். ஒன்று மட்டும் அதிகமாகக் கொதித்தால் கோளாறு அங்கேதான். எல்லாமே கொதித்தால் பாரம் அதிகம். கம்பெனி சொன்ன அளவுக்கு மேலே டேங்கில் ஊற்றாதீர்கள்.

"மோட்டார் போச்சு, புதுசு போடணும்" என்று மெக்கானிக் சொன்னால் உடனே பணத்தை எடுத்துவிட வேண்டாம். பல்பு எரியாவிட்டால் வேறு ஹோல்டரில் போட்டுப் பார்ப்போமே, அதுபோல இறக்கைகளைக் கழற்றிவிட்டு அந்த மோட்டாரை நல்ல ஈ.எஸ்.சி.யில் இணைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே ஒழுங்காகச் சுற்றினால் மோட்டார் நல்லது. கோளாறு பெட்டியிலோ ஒயரிலோ இருக்கிறது.

புது மோட்டார் மாட்டியபின் சுற்றும் திசையைப் பார்ப்பது கட்டாயம். பாதி மோட்டார்கள் வலமாகவும் பாதி இடமாகவும் சுற்ற வேண்டும். ஒயர் இரண்டு இடம் மாறினால் திசை மாறிவிடும். கிணற்று மோட்டார் தலைகீழாகச் சுற்றினால் தண்ணீர்தான் குறையும். ட்ரோன் கிளம்பும்போதே குப்புற விழுந்துவிடும். இந்தச் சோதனையையும் இறக்கையைக் கழற்றிவிட்டே செய்ய வேண்டும்.

வாடகைக்கு எடுக்கிறவர்களும், "ஓட்டுநர் சான்றிதழ் இருக்கிறதா? மோட்டாரைச் சுற்றிப் பார்த்தீர்களா?" என்று தயங்காமல் கேளுங்கள். வயல் உங்களுடையது, வரப்பில் நிற்கிற பிள்ளைகளும் உங்களுடையவர்களே. பறக்கும்போது அதன் கீழே யாரையும் நிற்க விடாதீர்கள்.