சேஸ் ஒன்று, பாடி ஒன்று, ஆக்ஸில் இன்னொன்று... தெரியுமா?

காடு, மலை, மணல் என்று எதையும் விட்டுவைக்காத ஜீப் இருக்கிறதே, அது பிறந்ததே இரவல் பாகங்களில்தான், தெரியுமா? 1940-ல் அமெரிக்க ராணுவம் ஒரு சின்ன ஃபோர் வீல் டிரைவ் வண்டி வேண்டுமென்று கேட்டது. மாதிரி வண்டிக்குக் கொடுத்த கெடு வெறும் 49 நாள்! பேண்டம் என்ற நொடித்துப்போன கம்பெனி துணிந்து தலையைக் கொடுத்தது. 49 நாளில் ஆக்ஸிலைப் புதிதாகச் செய்ய முடியுமா? ஸ்டூடிபேக்கர் சேம்பியன் காரின் ஆக்ஸிலை எடுத்து, நான்கு சக்கரமும் இழுக்கிற மாதிரி மாற்றிக் கொடுத்தது ஸ்பைசர் கம்பெனி. இன்ஜின் கான்டினென்டல் கம்பெனியின் சரக்கு. செப்டம்பர் 23-ம் தேதி, கெடு முடிய அரை மணி நேரம் பாக்கி இருக்கும்போது, வண்டி மேரிலேண்டில் உள்ள ஹோலபேர்ட் ராணுவ முகாமுக்குள் நுழைந்துவிட்டது!

அந்த ஜீப்பின் சேஸ் மேல்தான் லேண்ட் ரோவரே உருவானது என்றால் நம்புவீர்களா? ரோவர் கம்பெனியின் தலைமைப் பொறியாளர் மாரிஸ் வில்க்ஸ், வேல்ஸ் நாட்டின் ஆங்கிள்சி தீவில் இருந்த தன் பண்ணையில் போர்க்கால ஜீப் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார். 1947-ல் அவருடைய ஆட்கள் ஒரு ஜீப் சேஸை எடுத்து, அதில் ரோவர் காரின் இன்ஜினை இறக்கினார்கள். ஸ்டீயரிங் எந்தப் பக்கம்? இடதுமில்லை, வலதுமில்லை, நட்டநடுவில்! டிராக்டர் மாதிரி நடுவில் உட்கார்ந்து ஓட்டினால் எந்த நாட்டுக்கும் ஒரே வண்டியை அனுப்பலாமே என்று கணக்கு. நடுவில் உட்கார்ந்தவர் கையை நீட்டி சிக்னல் காட்டவா முடியும்? யோசனை கைவிடப்பட்டது. போர் முடிந்த பிரிட்டனில் இரும்புத் தகட்டுக்கு ரேஷன். அலுமினியக் கலவைத் தகட்டுக்குத் தட்டுப்பாடு இல்லை. அதனால்தான் லேண்ட் ரோவருக்கு அலுமினிய பாடி! 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமானபோது சேஸ் ரோவரின் சொந்தத் தயாரிப்பு. ஆனால் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி? அதே ஜீப்பின் 80 அங்குலம்.

ஒரு கம்பெனியின் பாடி இன்னொரு கம்பெனியின் சேஸில் எப்படி உட்காருகிறது? இந்த வண்டிகளில் பாடி பெரிதாகப் பாரம் சுமப்பதில்லை. இரண்டு நீள இரும்புச் சட்டம், இடையிடையே குறுக்குச் சட்டங்கள், அவ்வளவுதான் சேஸ். இன்ஜின், ஆக்ஸில், ஸ்பிரிங் எல்லாம் அதில்தான் தொங்கும். போல்ட்டைக் கழற்றினால் பாடி தனியே வந்துவிடும். இன்று ஓடும் பெரும்பாலான கார்களில் தரை, தூண், கூரை எல்லாம் சேர்ந்துதான் பாரத்தைத் தாங்குகின்றன. அங்கே வெல்டிங் வித்தையைக் காட்டினால் காரே வளைந்துவிடும்.

சேஸை வெட்டிக் குட்டையாக்கியே சரித்திரம் படைத்தவர் ஒருவர் இருக்கிறார். கலிஃபோர்னியாவில் படகு கட்டிக்கொண்டிருந்த புரூஸ் மையர்ஸ். 1964-ல் படகுக்கு வார்ப்பது போலவே ஃபைபர் கிளாஸில் கதவும் கூரையும் இல்லாத ஒரு பாடியை வார்த்தார். பிறகு ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரின் தரைச் சட்டத்தில் சுமார் 36 சென்டிமீட்டரை வெட்டி எடுத்து, இரு துண்டையும் மறுபடி ஒட்டி, அதன் மேல் தன் பாடியைக் கவிழ்த்தார். பெயர் மையர்ஸ் மாங்ஸ். இதில் ஃபோர் வீல் டிரைவ் கிடையாது, தெரியுமா? இன்ஜினின் பாரம் முழுவதும் பின் சக்கரத்தின் மேல், வண்டியோ இறகு. மணலில் புதையாமல் பறந்தது! 1967-ல் மெக்சிகோவின் பாஹா தீபகற்பத்தை லா பாஸ் முதல் டிஹுவானா வரை 34 மணி 45 நிமிடத்தில் கடந்தார்கள் மையர்ஸும் அவர் நண்பரும். அதுவரை இருந்த சாதனை ஒரு மோட்டார் சைக்கிளுடையது, 39 மணி 56 நிமிடம். அதே ஆண்டு அங்கே நடந்த முதல் 'மெக்சிகன் 1000' பந்தயத்தையும் ஒரு மாங்ஸ்தான் வென்றது. உடனே ஊரெல்லாம் காப்பி. மையர்ஸ் வழக்குப் போட்டார். தோற்றார்! எனக்கென்னவோ, இந்த வரிசையிலேயே மூளைக்கு முதல் பரிசு இவருக்குத்தான்.

சரி, இரண்டு இன்ஜின் வைத்த கார் தெரியுமா? சிட்ரோன் கம்பெனியின் 2சிவி சஹாரா. பானெட்டுக்கு அடியில் 425 சிசி இன்ஜின் ஒன்று, டிக்கியில் அதே மாதிரி இன்னொன்று. சாவி இரண்டு, பெட்ரோல் டேங்க் இரண்டு, ஆனால் கியர் கம்பி மட்டும் ஒன்று! பாலைவனத்தில் ஒரு இன்ஜின் மண்டையைப் போட்டாலும் மற்றது வீடு சேர்க்கும். செய்தது மொத்தமே 694 கார்கள்.

பட்டறைக்காரர்கள் சிரித்துக்கொண்டே சொல்லும் கண்டமும் உண்டு. பீட்டிலில் இன்ஜின் கியர் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். அதை முன்பக்கம் வரும்படி திருப்பி வைக்கிறவர்கள், உள்ளே இருக்கும் கிரவுன் வீலையும் பக்கம் மாற்றிப் போட வேண்டும். மறந்தால்? ரிவர்ஸ் கியர் நான்கு, முன்னால் போக ஒன்றே ஒன்று! வேறு வேறு வண்டியிலிருந்து ஆக்ஸில் எடுப்பவர்களுக்கு இன்னொரு பொறி. முன்னும் பின்னும் பல் கணக்கு ஒன்றாக இருக்க வேண்டும். முன்னால் 4.1, பின்னால் 3.7 என்று பூட்டிவிட்டு இறுகிய தரையில் ஃபோர் வீல் போட்டால், இரண்டு ஆக்ஸிலும் ஒன்றையொன்று இழுத்து ஏதாவதொன்று முறியும். டயரும் சும்மா விடாது. 28 அங்குல டயரைக் கழற்றி 35 அங்குலம் போட்டால், ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி உண்மையில் 75-ல் போய்க்கொண்டிருக்கும்!

டயர் என்றதும் பிக்ஃபுட் 5 என்ற ராட்சத வண்டி ஞாபகம் வருகிறது. 1950-களில் அலாஸ்காப் பனியில் அமெரிக்க ராணுவம் தண்டவாளம் இல்லாத ரயில் ஒன்றை ஓட்டிப் பார்த்தது. அதன் டயர் 10 அடி உயரம். அந்த டயர்கள் காயலான் கடைக்கு வந்து கிடந்ததைப் பார்த்து, 1986-ல் ஃபோர்டு பிக்கப் பாடியின் கீழ் மாட்டிவிட்டார் பாப் சாண்ட்லர். கூரை நிற்பது பதினைந்தரை அடியில்!

இப்படி எல்லாம் கலந்துவிட்டால் அது எந்த வண்டி என்று யார் சொல்வது? பிரிட்டனில் பல ஆண்டுகளாக மதிப்பெண் போட்டார்கள், தெரியுமா? மாற்றாத சேஸுக்கு 5. ஸ்டீயரிங், சஸ்பென்ஷன், ஆக்ஸில், கியர் பாக்ஸ் ஒவ்வொன்றுக்கும் 2. இன்ஜினுக்கு? வெறும் 1! எட்டு எடுத்தால் பழைய நம்பர் தங்கியது. சேஸை வெட்டியிருந்தால் பேச்சே இல்லை, தனிப் பரிசோதனை முடித்துத்தான் ரோட்டில் ஏற முடிந்தது.

நம் ஊரில் கெடுபிடி இன்னும் அதிகம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவைச் சுட்டி, கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆர்.டி.ஓ.வைக் கேட்காமல் கட்டிய கதம்ப ஜீப், ஆர்.சி. புத்தகத்தில் உள்ளபடி இல்லையென்றால் அவ்வளவுதான்.

பாலைவனத்தில் உயிர் தப்ப மாற்றினாலுமா? ஆமாம்! 1993-ல் மொராக்கோவில் தன் 2சிவி உடைந்து தனியே மாட்டிக்கொண்டதாகச் சொல்கிறார் பிரெஞ்சு எலெக்ட்ரீஷியன் எமில் லெரே. வெல்டிங்கும் கிடையாது, துளை போடும் கருவியும் கிடையாது. 12 நாளில் காரைப் பிரித்து மோட்டார் சைக்கிளாக்கிவிட்டார்! ரோந்து வந்தவர்கள் அவரைக் காப்பாற்றினார்கள். கூடவே, வண்டியும் அதன் பேப்பரும் ஒத்துப்போகவில்லை என்று அபராதமும் போட்டார்களாம்!