‘1.5கே’ சம்பளம் என்றால் எவ்வளவு?

“லோரி ஓட்டுநர் தேவை. முழுநேர வேலை. அடிப்படைச் சம்பளம் 1.5கே.” வாட்சாப்பில் இப்படியொரு விளம்பரம் வந்தால், அது சட்டப்படியான சம்பளம்தானா என்று உங்களால் உடனே சொல்ல முடியுமா?

‘கே’ என்பது ஆயிரத்தைக் குறிக்கிறது. ஆயிரம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த ‘கிலோ’வின் முதல் எழுத்து அது. ஒரு கிலோவுக்கு ஆயிரம் கிராம் என்பதை நினைவில் வைத்தால் போதும். ஆக, 1.5கே என்பது 1,500 ரிங்கிட். ஆனால், குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் 1,700 ரிங்கிட். ஐந்து பேருக்கும் குறைவானவர்களை வேலைக்கு வைத்திருக்கும் முதலாளிகளுக்கும் அதே ஆண்டு ஆகஸ்டு முதல் இது பொருந்தும். எனவே, அந்த விளம்பரம் 200 ரிங்கிட்டைக் குறைத்துத் தருகிறது. இதைப் பற்றித் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம்.

புள்ளியையும் கவனியுங்கள். 2.5கே என்றால் 2,500, 2.05கே என்றால் 2,050. இடையில் வரும் ஒரு சுழியம் 450 ரிங்கிட்டை விழுங்கிவிடும்.

மற்ற எழுத்துகள் இவை:

• 1கே – ஆயிரம் (மலாயில் ரிபு)
• 1எம் – மில்லியன் (ஜூத்தா), அதாவது 10 லட்சம்
• 1பி – பில்லியன், அதாவது 100 கோடி
• 1டி – டிரில்லியன், அதாவது ஒரு லட்சம் கோடி

ஒவ்வொரு படிக்கும் மூன்று சுழியங்கள் கூடும். சில நிதி ஆவணங்களில் மில்லியனை ‘எம்எம்’ என்றும் எழுதுவார்கள். ரோமன் எண்முறையில் ‘எம்’ ஆயிரத்தைக் குறிப்பதால், ஆயிரம் ஆயிரம் என்ற பொருளில் வந்த வழக்கு அது.

நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளில் கணக்குப் பட்டியலின் தலைப்பில் ‘ஆர்எம்’000’ என்று இருக்கும். அதன்கீழ் உள்ள எல்லாத் தொகைகளோடும் மூன்று சுழியங்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும். 2,500 என்று இருந்தால் அது 25 லட்சம் ரிங்கிட். நீங்கள் பங்கு வைத்திருக்கும் நிறுவனத்தின் ஆண்டுக்கூட்டத்திற்குப் போகுமுன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மில்லியனும் பில்லியனும் காதுக்கு ஒன்றுபோலக் கேட்கும். மித்ராவுக்கு 100 மில்லியன் ரிங்கிட் ஒதுக்கீடு என்ற செய்தியை நாம் பலமுறை படித்திருக்கிறோம். அது 10 கோடி. 2025 வரவு செலவுத் திட்டமாக அறிவிக்கப்பட்ட 421 பில்லியன் ரிங்கிட்டோ 42,100 கோடி. இரண்டையும் சுழியங்களோடு எழுதிப் பார்த்தால்தான் நம் பங்கின் அளவு புரியும்.

வேலை ஒப்பந்தமோ கடன் பத்திரமோ, தொகையை முழு எண்ணிலும் எழுத்திலும் எழுதித் தரச் சொல்லுங்கள். அதன்பிறகு கையெழுத்துப் போடுங்கள்.