உடலுள் ஒரு விளக்கு

ஒளிபட்டாலன்றி நஞ்சாகாத சாயங்கள் சிலவுள. அக்கிரிடீன் கலந்த நீரில், இருளிற் பிழைத்திருந்த நுண்ணுயிர்கள் ஒளியில் விரைந்து மடிந்தமையை மியூனிச் நகர மாணவர் ஒஸ்கார் ராப் 1900ஆம் ஆண்டில் வெளியிட்டார். புற்றுநோய்க்குரிய ஒளிமருத்துவம் இவ்வழி வந்ததே. ஒளியேற்ற சாயம் ஒட்சிசனைக் கிளர்ச்சியுறச் செய்ய, அது நோய்க்கலங்களை அழிக்கும். ஆயின், செவ்வொளியும் இழையத்துள் ஏறத்தாழ 1 சதமமீற்றர் ஆழமே பயன்படச் செல்லும். ஆதலின் ஆழ்ந்த கட்டிகளுக்கு ஒளியிழை செருகுவர். அதனை உடலில் நெடுநாள் விட்டுவைத்தல் இயலாமையால், ஒரு சத்திரசிகிச்சைக்கு ஒருமுறையே ஒளியூட்டலாம். மீண்டும் வேண்டின் மீண்டும் கத்தியே!

2018இல் சிங்கப்பூர் ஆய்வாளர் 30 மில்லிகிராம் எடையுள்ள விளக்கொன்றை உடலுட் பதித்து, வெளியிலிருந்து கம்பியின்றி மின்வலு ஊட்டினர். மருந்து பழையது; விளக்கே புதிது. 3 சதமமீற்றருக்கு மேற்பட்ட தடிப்பினூடும் மருந்து செயற்பட்டது. பன்முறை ஒளியூட்டியபோது கட்டியின் வளர்ச்சி குன்றிற்று. எனினும் அச்சோதனை விலங்குகளிலேயே நடைபெற்றது.